முறிந்த போல்ட்டுகளையும் சிதைந்த மரைகளையும் சரிசெய்தல்

மகிழுந்தை வீட்டிலேயே பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர்கள் இரண்டு. ஒன்று, போல்ட்டின் தலை முறிந்து தண்டு துளைக்குள் சிக்கிக்கொள்வது. மற்றொன்று, போல்ட் ஏறும் துளையின் மரை சிதைந்து பிடிப்பை இழப்பது. சில ரூபாய் மதிப்புள்ள போல்ட் ஒன்று தவறாகக் கையாளப்பட்டால் சிலிண்டர் ஹெட் போன்ற விலை உயர்ந்த பாகத்தையே மாற்ற வேண்டிய நிலை வரலாம். இவ்வேலையில் பாகத்துக்கு மிகக் குறைந்த சேதம் தரும் முறையை முதலில் முயன்று, அது பலிக்காதபோது மட்டும் அடுத்த முறைக்குச் செல்வது பொது விதியாகும். தோல்வியடையும் ஒவ்வொரு முயற்சியும் அடுத்த முயற்சிக்கான வாய்ப்பைக் குறைத்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

போல்ட் பிடிக்கும் விதம்

மரை என்பது உருளை ஒன்றைச் சுற்றி ஏறும் சாய்தளமாகும். போல்ட்டை இறுக்கும்போது அதன் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட தண்டு சுருள்வில்லைப் போலப் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்வதால் ஏற்படும் இழுவிசையே இரு பாகங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. 8.8 தரமுள்ள 8 மி.மீ. போல்ட் ஒன்று சரியாக இறுக்கப்பட்டால் ஏறத்தாழ ஒன்றரை டன் எடைக்கு ஈடான விசையுடன் பாகங்களை அழுத்தும்.

ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்குவிசை முழுவதும் இந்த இழுவிசையாக மாறுவதில்லை. தோராயமாக அதில் பாதி போல்ட் தலைக்குக் கீழுள்ள உராய்விலும், 40 விழுக்காடு மரைகளுக்கிடையேயான உராய்விலும் செலவாகிறது. எஞ்சிய 10 விழுக்காடு மட்டுமே தண்டை நீட்டுகிறது. ஆகவே மரையில் துருவோ மணலோ இருந்தால், ஸ்பேனரில் கனமாகத் தெரிந்தாலும் போல்ட் போதுமான அளவு இறுகியிருக்காது. மாறாக, உலர்ந்த நிலைக்கெனக் குறிக்கப்பட்ட முறுக்குவிசையை எண்ணெய் தடவிய போல்ட்டுக்குக் கொடுத்தால் தண்டு அளவுக்கு மீறி நீளும்.

மரைச் சுற்றுகள் எல்லாம் சுமையைச் சமமாகத் தாங்குவதில்லை. முதல் சுற்றே மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கை ஏற்கிறது. அது சிதைந்தால் சுமை அடுத்த சுற்றுக்கு மாறி, வரிசையாக எல்லாச் சுற்றுகளும் சிதையும். எஃகுத் துளையில் போல்ட் தன் விட்ட அளவுக்காவது உள்ளே ஏறியிருக்க வேண்டும். மென்மையான அலுமினியத்தில் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் தேவை.

அளவும் தரமும்

மெட்ரிக் போல்ட்டின் அளவு எம்8×1.25 என்ற வடிவில் குறிக்கப்படுகிறது. இதில் 8 என்பது மி.மீ. அளவில் வெளிவிட்டம், 1.25 என்பது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடைப்பட்ட தொலைவு. இத்தொலைவு புரியிடைத் தூரம் அல்லது பிட்ச் எனப்படும். ஒரே விட்டத்தில் வெவ்வேறு பிட்ச் உள்ள போல்ட்டுகள் உண்டு. 10 மி.மீ. போல்ட்டுகள் 1.0, 1.25, 1.5 ஆகிய மூன்று பிட்ச்களிலும் வண்டிகளில் காணப்படுகின்றன.

1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வர்த் 55 பாகைக் கோணமுள்ள மரை அளவுமுறையை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்சு 60 பாகைக் கோணமுள்ள முறையை முன்வைத்தார். இன்றைய மெட்ரிக் மரைகளும் 60 பாகைக் கோணம் கொண்டவை. பழைய வண்டிகள் சிலவற்றில் அங்குல அளவு போல்ட்டுகள் இருப்பதால் இந்த வேறுபாடு இன்றும் முக்கியமானது. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; பார்வைக்கு அது 8 மி.மீ. போல்ட் போலவே இருக்கும். ஆனால் அதன் பருமரை வகையில் அங்குலத்துக்கு 18 சுற்றுகள், அதாவது 1.41 மி.மீ. பிட்ச் உள்ளது. எம்8×1.25 துளையில் அது ஓரிரு சுற்று ஏறியபின் இறுகும். அதற்குமேல் வலிந்து திருகினால் துளையின் மரை சிதையும். பிட்ச் கேஜ் என்ற பல்வரிசைத் தகடு ஒன்றை மரையின்மேல் வைத்துப் பார்த்தால் இக்குழப்பம் தீரும்.

மெட்ரிக் எஃகு போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை 100-ஆல் பெருக்கினால் முறிவு வலிமை மெகாபாசுக்கல் அளவில் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அந்த வலிமையில் எத்தனை பத்தில் ஒரு பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைக் காட்டும். 8.8 போல்ட் 800 மெகாபாசுக்கலில் முறியும். 640 மெகாபாசுக்கலில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். முறிந்த போல்ட்டுக்குப் பதிலாக அதே தரமுள்ள போல்ட்டையே இட வேண்டும்.

முறிவுக்கும் சிதைவுக்கும் காரணங்கள்

அளவுக்கு மீறி இறுக்குதல்: வீட்டுப் பழுதுபார்ப்பில் மிகுதியாக முறிபவை 6 மி.மீ. போல்ட்டுகளே. 8.8 தரமுள்ள 6 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தாலே அது கிடைத்துவிடும். ஒருவர் ஒரு கையால் எளிதில் 20 கிலோ அளவுக்கு இழுக்க முடியும். அந்த விசை சிறிய போல்ட்டை முறித்துவிடும்.

துருவும் உலோக அரிப்பும்: எஃகு போல்ட் துருப்பிடிக்கும்போது உருவாகும் துரு, மூல உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. எனவே மரைகளுக்கிடையேயான இடைவெளி நிரம்பி போல்ட் இறுகிவிடும். அலுமினியத்தில் ஏறிய எஃகு போல்ட்டுக்கிடையே ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு நிகழ்ந்து, வெண்ணிறப் பொடி மரைகளை ஒட்டவைத்துவிடும். கடற்கரை ஊர்களிலும், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவப்படும் நாடுகளிலும் இது மிகுதி.

கோணலாக ஏற்றுதல்: போல்ட்டைத் தொடக்கத்திலேயே ஸ்பேனராலோ ஏர் கன்னாலோ திருகினால் மரை மாறி ஏறிவிடக்கூடும். முதல் சில சுற்றுகளைக் கையால் ஏற்றினால் இது நேராது.

அடைபட்ட துளையில் திரவம்: அடிப்பக்கம் மூடிய துளையில் எண்ணெயோ நீரோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், வெளியேற வழியில்லாத திரவத்தின் அழுத்தம் வார்ப்பையே விரிசலடையச் செய்யலாம்.

களைப்பு முறிவு: போதிய அளவு இறுக்கப்படாத போல்ட், அதிர்வால் மீண்டும் மீண்டும் இழுபட்டுத் தளர்ந்து, மெல்ல வளரும் விரிசலால் முறியும். முறிந்த முகத்தில் கடலலை மணலில் விட்ட தடம் போன்ற வளைகோடுகள் தென்படுவது இதன் அடையாளம்.

முறிந்த வகையைக் கண்டறிதல்

எந்தக் கருவியை எடுப்பது என்பதை, போல்ட் எப்போது முறிந்தது என்ற கேள்வியே முடிவு செய்கிறது. இறுக்கும்போது முறிந்த போல்ட்டில் தலை போனவுடன் இழுவிசையும் போய்விடுகிறது. எஞ்சிய தண்டு துளைக்குள் தளர்வாகவே இருக்கும். களைப்பால் முறிந்த போல்ட்டும் பெரும்பாலும் இப்படித்தான். இவற்றைக் கூர்மையான சென்டர் பஞ்ச்சின் நுனியால் விளிம்பில் இடஞ்சுழியாகத் தட்டியே பல நேரங்களில் வெளியே கொண்டுவரலாம்.

கழற்றும்போது முறிந்த போல்ட் வேறு வகை. மரை துருவால் இறுகியிருந்ததால்தான் அது முறிந்தது. அந்த இறுக்கம் இன்னும் அப்படியே உள்ளது. அதற்குள் துளையிட்டு நுழைக்கப்படும் எக்ஸ்ட்ராக்டர் போல்ட்டைவிட மெல்லியது. போல்ட்டே தாங்காத முறுக்குவிசையை எக்ஸ்ட்ராக்டர் தாங்கும் என எதிர்பார்க்க முடியாது. இத்தகைய நிலையில் முதலில் துருவின் பிடியைத் தளர்த்த வேண்டும். அதன் பிறகே திருக வேண்டும்.

முன்னேற்பாடுகள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக் ஸ்டாண்ட்டின்மேல் இருத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக்கூடாது. துளையிடும்போது கண்ணாடி அணிவது கட்டாயம். தீச்சுடரையோ வெல்டிங்கையோ பயன்படுத்தும் முன் எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ரப்பர் உறைகள், காற்றுப்பை ஆகியவை அருகில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். வெல்டிங் செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். குளோரின் சேர்மங்கள் கொண்ட பிரேக் கிளீனரைத் தெளித்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாசுசீன் என்ற நச்சு வாயு உருவாகலாம். அது உயிருக்கே ஆபத்தானது.

முறிந்த போல்ட்டை எடுக்கும் முறைகள்

1. எண்ணெயும் தட்டலும்: துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்துப் பல மணி நேரம், இயன்றால் ஓர் இரவு முழுவதும், ஊறவிட வேண்டும். இடையிடையே போல்ட்டின் முகத்தில் சுத்தியலால் அளவாகத் தட்டினால் துரு அடுக்கில் நுண்விரிசல்கள் ஏற்பட்டு எண்ணெய் உள்ளே இறங்கும்.

2. வெளியே நீட்டியிருந்தால்: தண்டு சில மி.மீ. வெளியே தெரிந்தால் கிரிப் பிளையரால் கவ்வித் திருகலாம். இரு பக்கமும் அரத்தால் தட்டையாக்கி ஸ்பேனர் பொருத்துவதும் உண்டு. ஒரே திசையில் வலிந்து திருகாமல், சிறிது தளர்த்திச் சிறிது இறுக்கி, எண்ணெய் விட்டு மீண்டும் தளர்த்துவது நல்லது.

3. வெப்பம்: அலுமினியம் ஒரே அளவு வெப்பத்தில் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. எனவே அலுமினியத்தில் சிக்கிய எஃகு போல்ட்டைச் சுற்றியுள்ள பாகத்தைச் சூடாக்கினால் துளை அகன்று பிடி தளரும். மரைகளில் வலுவான ஒட்டுத் திரவம் பூசப்பட்டிருந்தால் அது சுமார் 250 பாகை செல்சியசில் இளகும். பாகம் சூடாக இருக்கும்போது எண்ணெய் தெளித்தால் தீப்பற்றலாம்.

4. நட்டை வெல்டிங் செய்தல்: முறிந்த தண்டின்மேல் நட்டு ஒன்றை வைத்து, அதன் துளை வழியாகத் தண்டோடு சேர்த்து வெல்டிங் செய்வது பட்டறைகளில் பெரிதும் நம்பப்படும் முறையாகும். பிடிப்பதற்குத் தலை ஒன்று கிடைப்பதோடு, தண்டு நேரடியாகச் சூடாகி விரிந்து பின் குளிர்ந்து சுருங்குவதால் துருவின் பிடியும் உடைகிறது. உருகிய எஃகு அலுமினியத்தோடு எளிதில் ஒட்டாததால் அலுமினியப் பாகங்களிலும் இது பயன்படுகிறது. வீட்டில் வெல்டிங் கருவி இல்லாதவர்கள், துளையிடத் தொடங்குவதற்கு முன்பே வெல்டரை நாடுவது நல்லது. துளையிட்டு மெலிந்த தண்டில் இம்முறை சரியாகப் பலிப்பதில்லை.

5. துளையிடுதல்: முறிந்த முகத்தை அரத்தால் சமப்படுத்தி, நடுப்புள்ளியை அளந்து சென்டர் பஞ்ச்சால் குறியிட்டு, சிறிய பிட்டால் தொடங்க வேண்டும். இதுவே வேலை முழுவதிலும் மிகுந்த பொறுமை வேண்டும் கட்டமாகும். எஃகைவிட அலுமினியம் மென்மையானது. பிட் சிறிது நடுவிலகினாலும் எஃகை விட்டு அலுமினியத்துக்குள் சரிந்துவிடும். குறைந்த வேகமும் வெட்டெண்ணெயும் தேவை. இடஞ்சுழி டிரில் பிட்டைப் பயன்படுத்தினால் அது சுழலும் திசையே போல்ட்டைக் கழற்றும் திசையாக இருப்பதால், துளையிடும்போதே தண்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு.

6. எக்ஸ்ட்ராக்டர்: துளைக்குள் தட்டி இறக்கி இடஞ்சுழியாகத் திருகும் கருவி இது. கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரை ஆழமாக அடித்தால் மெலிந்த தண்டு விரிந்து துளையில் மேலும் இறுகும். எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான எஃகால் ஆனது. உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதை வெட்டாது. அதன்பின் கார்பைடு கருவிகளோ, பட்டறையில் மின்பொறி அரிப்பு முறையோதான் தேவைப்படும். கையில் அது முறுக்கிக்கொள்வது போன்ற உணர்வு தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு, மீண்டும் வெப்பத்துக்கும் எண்ணெய்க்கும் திரும்புவது முறை.

7. முழுவதும் துளைத்து நீக்குதல்: துளை சரியான நடுவில் இருந்தால் அதைப் படிப்படியாக அகலமாக்கி மரையின் அடிவிட்டம் வரை கொண்டுசெல்லலாம். எம்8×1.25 போல்ட்டுக்கு இது 6.8 மி.மீ. ஆகும். எஞ்சும் மெல்லிய சுருளைக் கூரான கம்பியால் உரித்தெடுத்து, டேப்பால் மரையைச் சுத்தம் செய்தால் பழைய மரையே மிஞ்சும்.

சிதைந்த மரையைச் சரிசெய்தல்

சுத்தம் செய்தல்: முதல் சுற்று மட்டும் நசுங்கியோ அழுக்கடைந்தோ இருந்தால், மரையைச் சீர்செய்யும் சேசர் டேப் போதும். வெட்டும் டேப் உலோகத்தை வெட்டியெடுக்கும். சேசர் டேப் நசுங்கிய மரையைப் பழைய வடிவுக்குத் தள்ளும். அதனால் பிடிப்பு குறைவதில்லை.

பெரிய அளவில் புதிய மரை வெட்டுதல்: சுற்றிலும் போதிய உலோகம் இருந்தால் துளையை அகலமாக்கி அடுத்த அளவு மரை வெட்டலாம். மரை வெட்டுவதற்கு முன் இட வேண்டிய துளையின் அளவு, வெளிவிட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்தால் கிடைப்பது:

எம்6×1.0 – 5.0 மி.மீ.
எம்8×1.25 – 6.8 மி.மீ.
எம்10×1.5 – 8.5 மி.மீ.
எம்10×1.25 – 8.8 மி.மீ.
எம்12×1.5 – 10.5 மி.மீ.

டேப்பைத் துளைக்கு நேராகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே திருகி, கால் சுற்று பின்னே திருப்பிச் சீவல்களை உடைக்க வேண்டும். எஃகுக்கு வெட்டெண்ணெயும் அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயும் ஏற்றவை. வார்ப்பிரும்பை உலர்ந்த நிலையிலேயே வெட்டலாம். போல்ட்டின் அளவு மாறுவதால், அது கடந்து செல்லும் மேல்பாகத்தின் துளையையும் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

கம்பிச்சுருள் செருகி: ஹெலிகாயில் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுவது இது. சாய்சதுரக் குறுக்குவெட்டுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்யப்படுகிறது. சிதைந்த துளையை அகலமாக்கி (எம்6-க்கு 6.3 மி.மீ., எம்8-க்கு 8.3 மி.மீ.), கருவிப் பெட்டியோடு வரும் தனி டேப்பால் மரை வெட்டி, சுருளைத் திருகி இறக்குகிறார்கள். அதன் மேல்முனை துளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பின்னர் அடியிலுள்ள சிறு நாக்கை முறித்து எடுக்க வேண்டும். உள்ளே பழைய அளவு போல்ட்டே பொருந்தும். வெளிவிட்டம் பெரிதாவதால் அலுமினியத்தில் இப்பிடிப்பு மூல மரையைவிடவும் வலுவாக அமைவதுண்டு.

திண்மச் செருகி: உள்ளும் புறமும் மரை கொண்ட எஃகுக் குழல் இது. விலை கூடுதலானாலும், அடிக்கடி கழற்றி மாட்டும் இடங்களுக்கும் ஸ்பார்க் பிளக் துளைக்கும் கம்பிச்சுருளைவிட ஏற்றது.

எப்பாக்சிப் பசையால் மரை உருவாக்கும் முறையும் விற்பனையில் உண்டு. மூடிகள், உறைகள் போன்ற சுமையற்ற இடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

குறிப்பிட்ட பாகங்கள்

எண்ணெய்த் தொட்டியின் டிரெயின் போல்ட்: எஞ்சின் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் கழற்றப்படுவதால் அலுமினியத் தொட்டிகளில் இம்மரை அடிக்கடி சிதைகிறது. கசிவை நிறுத்த மேலும் மேலும் இறுக்குவதே இதற்கு முதற்காரணம். பெரும்பாலும் கசிவு மரையில் இல்லை, தேய்ந்த வாசரில் உள்ளது. மரை உண்மையிலேயே போயிருந்தால் செருகி இடலாம், அல்லது தொட்டியை மாற்றலாம். ஓடும்போது இந்தப் போல்ட் கழன்று விழுந்தால் எண்ணெய் முழுவதும் வடிந்து எஞ்சின் பழுதாகும்.

ஸ்பார்க் பிளக் துளை: அலுமினிய ஹெட்டில் எஞ்சின் நன்கு குளிர்ந்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். ஹெட்டைக் கழற்றாமல் மரை வெட்டினால் சீவல்கள் சிலிண்டருக்குள் விழும் அபாயம் உண்டு. டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் பூசி, சில சுற்றுகளுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, இறுதியில் வெற்றிட உறிஞ்சியால் சுத்தம் செய்கிறார்கள்.

சக்கர ஸ்டட்: முறிந்த சக்கர ஸ்டட்டைத் துளையிட்டுச் சரிசெய்வதில்லை. அதை ஹப்பிலிருந்து பின்புறமாக அழுத்தி வெளியேற்றிப் புதியதை இட வேண்டும். ஒன்று முறிந்தால் அதன் சுமையை அருகிலுள்ளவை ஏற்றிருக்கும் என்பதால் அவற்றையும் சோதிக்க வேண்டும்.

புகைவழி மேனிஃபோல்ட் ஸ்டட்: மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்வதால் இவை மிகக் கடினமாக இறுகியிருக்கும். இங்கு வெப்பமும், நட்டை வெல்டிங் செய்யும் முறையுமே பெரும்பாலும் பலன் தருகின்றன.

வீட்டில் சரிசெய்யக் கூடாதவை

பிரேக் காலிப்பரைத் தாங்கும் போல்ட்டுகள், ஸ்டீயரிங் இணைப்புகள், சஸ்பென்ஷன் தாங்கிகள், இருக்கைப்பட்டை நங்கூரங்கள் ஆகியவற்றின் மரை சிதைந்தால் அப்பாகத்தையே மாற்றுவதோ, தேர்ந்த பட்டறையிடம் ஒப்படைப்பதோ வேண்டும். இவற்றின் பிடிப்பு போதுமானதா என்பதை வீட்டில் சோதித்தறிய வழியில்லை. விட்டுப்போனால் வண்டியில் இருப்பவர்களின் உயிரோடு சாலையில் செல்பவர்களின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும். பல எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் நிரந்தரமாக நீளும் நிலை வரை இறுக்கப்படுபவை. அவ்வகை போல்ட்டுகளைக் கழற்றியபின் மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

தடுக்கும் வழிகள்

துளையையும் போல்ட்டையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, அடைபட்ட துளைகளிலிருந்து திரவத்தை நீக்கிவிட்டு, முதல் மூன்று நான்கு சுற்றுகளைக் கையால் ஏற்றுவது முதன்மையான காப்பு. போல்ட்டை முதலில் கழற்றும் திசையில் மெல்லத் திருப்பினால் மரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சிறு ஒலி கேட்கும்; அதன்பின் இறுக்கும் திசையில் திருகினால் மரை மாறி ஏறாது. இறுதி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச்சால், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குச் செய்ய வேண்டும்.

இறுகாமல் காக்கும் பசை துருவைத் தடுக்கும். ஆனால் உராய்வையும் குறைப்பதால், கையேட்டில் உள்ள உலர்நிலை அளவுக்கு இறுக்கினால் போல்ட் மிகையாக நீளும். தயாரிப்பாளர் குறிப்பிடாத வரை சக்கர நட்டுகளுக்கு அதைப் பூசக்கூடாது. சக்கர நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் வரிசையில் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் டார்க் ரெஞ்ச்சால் சரிபார்ப்பது வழக்கம். செருகி இட்ட மரைகளையும் எஞ்சின் சூடாகிக் குளிர்ந்த பிறகு ஒருமுறை கசிவுக்கும் தளர்வுக்கும் சோதிக்க வேண்டும்.